பாதியில் நின்ற வால்கொடி

கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. தோருன் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். கம்பத்தின் உச்சியில் இருந்த சின்னச் சக்கரம் கிறீச்சிட்டது, நுனிக்குப் போகப் போக ஒடுங்குகிற அந்த நீள வால்கொடி ஒரு முழம் இறங்கி மறுபடியும் நின்றுகொண்டது.

"மேடம், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க" என்றான் சோன்ட்ரே. வீட்டை விற்றுக்கொடுக்க வந்திருக்கும் தரகன் அவன். மலைக்குப் போகிறோம் என்று தெரிந்தும் கூர்முனை ஷூ போட்டு வந்து, ஈரப்புல்லில் குதிகாலைத் தூக்கியபடி நின்றிருந்தான். "இன்னும் கொஞ்ச நேரத்துல வீடு பாக்க ஆளுங்க வந்துடுவாங்க. கொடி இப்படிப் பாதியில தொங்கினா என்ன நெனைப்பாங்க? இங்க யாரோ செத்துட்டாங்கன்னுதான நெனைப்பாங்க?"

"செத்துத்தான போயிருக்காங்க" என்றாள் தோருன்.

பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தோருனின் அம்மா மார்கிட் முந்தின நாள் விடிகாலையில்தான், கீழே பள்ளத்தாக்கில் உள்ள முதியோர் இல்லத்தில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். வீட்டைப் பார்வைக்கு வைக்கும் நாளோ போன மாதமே குறித்தது. ஓஸ்லோவிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆட்கள் காரில் கிளம்பிவிட்டார்கள். "நடக்கட்டும், நிறுத்தாதே. அம்மாவே விக்கச் சொன்னதுதானே" என்று தம்பி ஐவின்ட் போனில் சொல்லிவிட்டான். அம்மா சொன்னது உண்மைதான். வித்துடுங்க, பூட்டிக் கிடக்கிற வீட்டுல எலிதான் சந்தோஷமா இருக்கும் என்று வசந்த காலத்திலேயே சொல்லிவிட்டாள்.

வால்கொடியை ஏற்றியது சோன்ட்ரேதான். காலையில் வந்தவுடன், வீடு உயிரோடு இருப்பது போலத் தெரியட்டும் என்று, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அந்த நீளத் துணியை எடுத்துப் போய் உச்சி வரை ஏற்றிவிட்டான். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்பது நகரத்துப் பையனுக்கு எங்கே தெரியப்போகிறது! அவ்வப்போது வந்து தங்கும் இந்த மலைவீடுகளில் வால்கொடி ஏறினால் ஆள் வந்தாயிற்று, அடுப்பு எரிகிறது, காபி இருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகு வந்து சேர்ந்த தோருன், கார்க்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். ஏரிக்கு அக்கரையில், கறுப்புத் தார் பூசிய சின்ன வீட்டின் முன்னால், இன்னொரு வால்கொடி விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அது குன்வோர் பெரியம்மாவின் வீடு. அம்மாவின் அக்கா. இக்கரையில் கொடி ஏறி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்று ஏறியதைப் பார்த்ததும் மார்கிட் வந்துவிட்டாள் என்று நினைத்து அவளும் ஏற்றியிருக்கிறாள்.

அக்காளும் தங்கையும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் ஒருத்தி கொடியேற்றினால் மற்றவளும் ஏற்றுவாள். ஒருத்தி இறக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினால், மற்றவள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து. இந்த மலைக்காரர்களுக்குப் பேசுவதற்கே மனசு வராது, பேசாமல் இருப்பதற்கோ சொல்லித்தர வேண்டியதில்லை.

சண்டை என்று பார்த்தால், அதுவும் ஒரு கொடியால் வந்ததுதான். தாத்தாவை அடக்கம் செய்த நாளில் இதே முற்றத்தில் தேசியக்கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அடக்கம் முடிந்ததும் கொடியை உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும், அதுதான் முறை. இறந்தவரை நல்லபடியாக அனுப்பியாயிற்று என்பதற்கு அடையாளம். மார்கிட்டுக்கு மனசு வரவில்லை. கயிற்றைத் தொடக்கூட மாட்டேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். முறை என்றால் முறை என்று வளர்ந்த குன்வோர், நேரே போய்ச் சரசரவென்று இழுத்து ஏற்றிவிட்டாள். அப்போதுதான் மார்கிட் எல்லார் முன்னாலும் கேட்டாள், "அப்பாவ அனுப்பி வைக்க உனக்கு அவ்வளவு அவசரமாக்கா?"

குன்வோர், அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த கேக்கைக்கூடத் தொடாமல் படகில் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு இந்தக் கரையில் அவள் கால் படவேயில்லை.

முந்தாநாள் மத்தியானம், கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அம்மா தோருனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் போனா குன்வோர்கிட்ட யாரும் போய்ச் சொல்லவேண்டாம். கொடியப் பாத்துத் தெரிஞ்சுக்குவா."

"அது எப்படிம்மா? நானே போய்ச் சொல்றேன்."

"வேண்டாம்னா வேண்டாம். நீ போய் நின்னா அவ கதவத் திறக்கணும், காபி போடணும், என்ன பேசறதுன்னு தெரியாம முழிக்கணும். எதுக்கு அவளுக்கு அந்தக் கஷ்டம்?"

தோருன் அதை வீம்பு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டாள். இரவு வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் அது வீம்பில்லை, அக்கா மேல் வைத்த இரக்கம் என்று புரிந்தது. புரிந்ததும் வாய் கொப்புளிக்காமல் அப்படியே நின்று அழுதாள்.

அதனால்தான் இப்போது அவளுக்குக் கொடி வேண்டியிருந்தது. தேசியக்கொடியைத் தேடு தேடென்று தேடிவிட்டாள். விற்கிற வீடு அழகாக இருக்க வேண்டும் என்று சோன்ட்ரே ஓர் அலங்காரப் பெண்ணை அனுப்பியிருந்தான். அவள் பழைய சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டு, மேசைமேல் ஒரு கிண்ணம் பச்சை ஆப்பிளும் நாற்காலிமேல் யாருடையதோ ஓர் ஆட்டுத்தோலும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூட்டைகளில் மீன்வலை இருந்தது, ஒற்றைக் கையுறைகள் இருந்தன, கொடி இல்லை. கம்பத்தில் இருந்தது இந்த வால்கொடி ஒன்றுதான். அரைக்கம்பம் என்றால் அரைக்கம்பம்தானே என்று அதையே பாதிக்கு இறக்கிக் கயிற்றை முடிச்சுப் போட்டாள்.

அக்கரையில் ஒன்றும் அசையவில்லை. பெரியம்மாவின் கொடி உச்சியிலேயே நின்றது.

கார்கள் வந்தன. சோன்ட்ரே வாசலில் நின்று எல்லாருக்கும் நீல பிளாஸ்டிக் ஷூ உறையைக் கொடுத்து, மாட்டிக்கொண்டு உள்ளே வரச் சொன்னான். தரையில் சேறு படக்கூடாதாம். காபியும் பட்டை வாசனை அடிக்கிற பன்னும் இருந்தன. ஒரு தாடிக்காரர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடற்கரை ஊரிலிருந்து வந்த இளம் தம்பதி, கைக்குழந்தையோடு, சாப்பாட்டு மேசைப் பெஞ்சில் உட்கார்ந்து எதுவும் கேட்காமல் ஜன்னல் வழியே ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரோ படகுல வராங்க" என்றாள் அந்தப் பெண்.

தோருன் ஜன்னலுக்கு ஓடினாள். துடுப்புப் போடுபவர் முதுகைக் காட்டிக்கொண்டுதானே வர வேண்டும்! சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முதுகு, முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, இந்தக் கரையை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. எண்பதை நெருங்குகிற கிழவியின் துடுப்பு அது, ஆனால் நீரில் நல்ல வேகம் இருந்தது.

பெரியம்மா புரிந்துகொண்டுவிட்டாள் என்று தோருன் நினைத்தாள். அழுதுகொண்டு வருகிறாளோ என்னவோ. என்ன சொல்வது? வலியில்லாமல் போனாங்க பெரியம்மா. உங்களத்தான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி இறங்கிக் கரைக்குப் போனாள்.

படகு மணலில் மோதியது. பெரியம்மா ரப்பர் பூட்ஸோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அவள் அழவில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கழுதைடி இந்த வேலையப் பண்ணது?"

"பெரியம்மா..."

"வால்கொடிய அரைக்கம்பத்துல விடுவாங்களா எங்கயாச்சும்? அது ஒண்ணு உச்சியில இருக்கணும், இல்ல பெட்டியில இருக்கணும். நடுவுல அதுக்கு என்ன வேலை? துக்கத்துக்குத் தேசியக்கொடிதாண்டி. இதுக்கு ஏது துக்கம்? எங்கப்பன் இருந்தா கம்பத்தையே வெட்டிப் போட்டிருப்பார்!" படகை ஒரே இழுப்பில் கரையேற்றிவிட்டு முற்றத்தில் ஏறினாள். "எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டிருக்கேன், சரி பண்ணுவா சரி பண்ணுவான்னு. புத்தி பிசகிடுச்சா அவளுக்கு? இல்ல என்னை வெறுப்பேத்தறதுக்குன்னே பண்றாளா?"

தோருன் வாய் திறப்பதற்குள் அவள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மார்கிட்! ஏய் மார்கிட்! வெளிய வா! எங்கிட்டப் பேசவேண்டாம், இந்தக் கயித்த மட்டும் சரி பண்ணிட்டுப் போ!"

இத்தனை வருஷம் கழித்து அவள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான். இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டிருக்கக்கூடாதா, இரண்டே இரண்டு நாள்!

கதவு திறந்தது. வந்தது சோன்ட்ரே. கையில் ஒரு ஜோடி நீல உறை, முகத்தில் வியாபாரச் சிரிப்பு. "வாங்கம்மா வாங்க! பார்வைக்கா? இதக் கால்ல மாட்டிக்குங்க, உள்ள போகலாம்."

பெரியம்மா அந்த நீல உறைகளைப் பார்த்தாள். பிறகு வரிசையாக நின்ற கார்களை, ஜன்னலில் எட்டிப் பார்த்த அந்நிய முகங்களை, சாலையோரம் நட்டிருந்த 'விற்பனைக்கு' பலகையை.

"பார்வைக்கா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எதுக்குப் பார்வை? எங்க அவ?"

அவள் தலையைத் திருப்பி மறுபடியும் கம்பத்தைப் பார்த்தாள். காற்றில்லாமல் வால்கொடி பாதியில் சோர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் அதைத் திட்டவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். துணிதான் தவறு, சொன்ன சேதியில் தவறில்லை.

"எப்போ?"

"நேத்து விடிகாலையில, பெரியம்மா. தூக்கத்துலயே."

அவள் மெல்லப் படிக்கட்டில் உட்கார்ந்தாள், ஒரு காலத்தில் கயிற்றைத் தொடமாட்டேன் என்று தங்கை உட்கார்ந்த அதே படிக்கட்டு. கையை நீட்டி, சோன்ட்ரேயிடமிருந்து நீல உறைகளை வாங்கினாள். நீர் சொட்டுகிற பூட்ஸின் மேலேயே ஒன்றை மாட்டினாள். மற்றொன்று நழுவி நழுவி விழுந்தது. தோருன் குனிந்து உதவப் போனாள். பெரியம்மா அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே மாட்டினாள்.

"உடம்பு சரியில்லன்னு கடைக்காரன் சொன்னான். எங்க வெச்சிருக்காங்கன்னு நான் கேட்டுக்கல" என்றாள், தன் காலைப் பார்த்துக்கொண்டே. "காலையில கொடியப் பாத்ததும் தேறி வந்துட்டான்னு நெனைச்சேன்டி. ரெண்டு மீன் இருந்தது. உப்பு போட்டு வெச்சேன். இந்தத் தடவ... சரி, விடு."

அந்த மீன் யாருக்கு என்று தோருன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

"அவளப் பார்வைக்கு எப்ப வெக்கிறாங்க?"

"நாளைக்குக் காலையில. தேவாலயத்துல."

"வரேன்."

எழுந்தாள். நீல உறை சரசரக்க நேராக உள்ளே போனாள். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஆட்டுத்தோலைப் பார்த்து, "இது யார் வீட்டு ஆடு?" என்றாள். யாரும் சிரிக்கத் துணியவில்லை. குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய் நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிம்மா."

அந்தப் பெண் எழுந்தாள். பெரியம்மா பெஞ்சின் பலகையைப் பின்பக்கமாகத் தட்டினாள், அது மூடி போலத் திறந்துகொண்டது. பெஞ்சுக்கு மூடி உண்டு என்பதே தோருனுக்குத் தெரியாது. அலங்காரப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கவில்லை. உள்ளே மெழுகுத்துணியில் சுற்றி, கம்பளி நூலால் கட்டி, கொடி இருந்தது.

"எங்கப்பா வெச்ச இடம். அவ மாத்தல" என்றாள் பெரியம்மா.

முற்றத்துக்கு வந்தார்கள். தோருன் வால்கொடியை இறக்கிச் சுருட்டினாள். பெரியம்மா தேசியக்கொடியைக் கயிற்றில் கட்டி, முறைப்படி முதலில் உச்சி வரை ஏற்றி, அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மெல்லப் பாதிக்கு இறக்கினாள். வீடு பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றிருந்தார்கள். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். எல்லார் காலிலும் நீலப் பை. குழந்தை மட்டும் ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் தேவாலயத்தில் பெட்டி திறந்திருந்தது. பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோருனும் ஐவின்டும் வெளியே நின்றார்கள். கதவுக்கு அப்பால் பேச்சுச் சத்தம் கேட்டது, விட்டு விட்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், நடுவில் ஒரு முறை சிரிப்பது போலக்கூட. என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "காலர மடிச்சு விட்டிருக்காங்க, அவளுக்குப் பிடிக்காது. நான் நிமித்தி விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. அன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து படகில் வந்து, இறக்கி வைத்திருந்த கொடியை மறுபடியும் அரைக்கம்பத்தில் ஏற்றிவிட்டுத்தான் பெரியம்மா கீழே தேவாலயத்துக்கு வந்தாள். கல்லறையில் பெட்டி இறங்கியபோது ஐவின்ட் தேம்பித் தேம்பி அழுதான். அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சபைக் கூடத்தில் ரொட்டியும் கிரீம் கேக்கும் கொடுத்தார்கள். இந்த முறை அவள் கேக் சாப்பிட்டாள், கடைசித் துணுக்கு வரை, ஒரு கடமையைப் போல. அப்போதுதான் சோன்ட்ரேயின் போன் வந்தது. குழந்தையோடு வந்த தம்பதி வாங்கிக்கொள்கிறார்களாம். ஒன்று மட்டும் கேட்டார்களாம், கொடிக்கம்பமும் வீட்டோடு சேர்ந்ததுதானே என்று.

"பொழைச்சுக்கும் அந்தப் பொண்ணு" என்றாள் பெரியம்மா. பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வா. அடக்கம் முடிஞ்சாச்சு. போய்க் கொடிய உச்சிக்கு ஏத்தணும்."

தோருன் காரை எடுத்தாள். மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. தரையோடு கிடக்கும் செடிகளெல்லாம் சிவந்து, மலை முழுக்க இலையுதிர் காலம் வந்திருந்தது.

முற்றத்தில் இறங்கியதும் பெரியம்மா நேராகக் கம்பத்துக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றை இரண்டு கைகளிலும் சுற்றிப் பிடித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தோருன் பின்னால் நின்றாள். ஓர் இழுப்புப் போதும். சக்கரத்துக்கு அவளே எண்ணெய் போட்டிருந்தாள்.

பெரியம்மா இழுக்கவில்லை.

கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து கொடியை விரித்தது, மடக்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை மறுபடியும் அதே இடத்தில், பாதியிலேயே முடிச்சுப் போட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "என்ன அவசரம்."

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். தோருன் உள்ளே போய் அடுப்பை மூட்டி, காபி வைத்து, இரண்டு குவளையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வெயில் ஏரியிலிருந்து ஏறி அக்கரையில் இருந்த கறுப்பு வீட்டின் கூரைக்குப் போயிற்று, பிறகு மலைமுகட்டுக்குப் போயிற்று, பிறகு இல்லை. சூரியன் விழுந்ததும் கொடி இறங்கிவிட வேண்டும். இந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை அது.

தோருன் அதை ஞாபகப்படுத்தவில்லை. பெரியம்மாவின் குவளை காலியாக இருந்தது. தோருன் எழுந்து போய்க் காபிக் கெண்டியை எடுத்துவந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.